காலிப் பைக்குச் சிவப்பு

2024 ஜனவரி 21, ஞாயிறு. காலையில் பால் காய்ச்சினேன், மாடித் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றினேன், பேப்பர் படித்தேன். எதிலும் மனம் நிற்கவில்லை. மறுநாள் என் மனைவி ஆஸ்பத்திரியிலிருந்து பீளமேட்டு வீட்டுக்குத் திரும்புகிறாள். வீசிங் வந்து ஒரு வாரம் அங்கே இருந்தாள். படுக்கையறையில் தூசியே இருக்கக் கூடாது, விளக்குமாற்றால் கிளப்பிவிடவும் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். மெத்தையை வேக்குவம் கிளீனரால் சுத்தம் செய்வதுதான் பாக்கி.

மதியம் அதைப் போட்டதும், மேல்புறத்துச் சிறு கண்ணாடியில் பச்சை போய்ச் சிவப்பு வந்தது. பை நிறைந்துவிட்டது என்று அதற்குப் பொருள். திறந்து பார்த்தேன். துணிப்பை காலியாக, வெள்ளையாக இருந்தது. மூடிவிட்டு ஸ்விட்சைப் போட்டேன். மறுபடியும் சிவப்பு.

அந்தக் கண்ணாடிக்குத் தூசியைப் பார்க்கத் தெரியாது. பையின் வழியே காற்று தாராளமாகப் போனால் பச்சை. போக வழியில்லாவிட்டால் உள்ளே இழுவிசை கூடி, சிவப்புத் தகட்டை இழுத்துவிடும். அப்படியானால் எங்கோ அடைப்பு. குழாயைக் கழற்றி ஜன்னலுக்கு நேரே பிடித்தேன். மறுமுனையில் வெளிச்சம் தெரிந்தது. பிரஷ்ஷில் சுற்றியிருந்த முடியைப் பிய்த்தேன். அதை வாசலில் எறிந்துவிட்டு வந்து ஸ்விட்சைப் போட்டேன். சிவப்பேதான். மோட்டார் மட்டும் கீச்சுக் குரலில் கத்தியது.

உதவிக்கு அன்னூரிலிருந்து வந்திருந்த என் அக்கா எட்டிப் பார்த்தார்.

"ஏன்டா, அவினாசி ரோட்டு சிக்னல்ல நிக்கறாப்பல அதையே பாத்துட்டு நிக்கற? ஒரு ஊடு கூட்டறதுக்குப் பச்சையும் செவப்புமா!"

பையை வெளியே எடுத்தேன். மடங்க மறுத்தது. அழுத்தினால் மொறமொறத்தது.

"அக்கா, இதை எப்படித் தொவைச்சீங்க?"

"நல்லாத்தான் தொவைச்சேன். வெள்ளைத் துணியாச்சேன்னு உன்ற வேட்டியோட சேத்திக் கஞ்சியில முக்கிப்போட்டேன்."

"கஞ்சி போட்டா துணியில காத்துப் போகாதுங்க அக்கா."

"போட்டுட்டுக் கல்யாணத்துக்கா போகப் போகுதுன்னு அப்பவே யோசிச்சேன்" என்று சிரித்தவர் சட்டென்று நிறுத்திக்கொண்டார். "அப்ப அந்த மெத்தையில படுத்தா அவளுக்கு மறுக்கா மூச்சு முட்டுமாடா?"

அவரே வெந்நீர் வைத்தார். தண்ணீர் தெளியும்வரை அலசி அலசி ஊற்றினார். பையைப் பிழிந்து ஃபேனுக்கு அடியில் கட்டினோம். ஈரத்தோடு மாட்டினால் மோட்டார் போய்விடும். காய்கிறதா என்று நான் தொட்டுப் பார்ப்பதும், "தொட்டா காஞ்சுருமா?" என்று அக்கா விரட்டுவதுமாகவே பொழுது போயிற்று. படுக்கப் போகும்போதும் தையல் ஓரம் ஈரமாகவே இருந்தது.

திங்கள் காலை, பல்கூட விளக்காமல் பையைத் தடவினேன். காய்ந்திருந்தது. மாட்டி ஸ்விட்சைப் போட்டு, கண்ணாடியைப் பார்ப்பதற்கு முன் குழாயின் வாயில் உள்ளங்கையை வைத்தேன். இழுத்தது. அவள் தலை வைக்கும் பக்கத்திலிருந்து மெத்தையைத் தொடங்கினேன்.