சோறு தென்காசி

மதியம். டிபன் பாக்ஸைத் திறந்து, மூடியில் கொஞ்சம் புளியோதரை எடுத்து வைத்தேன். பக்கத்து மேசை மைமூன் அக்காவுக்கு. இரண்டு நாளாக அவர் விடுப்பு என்பது பிறகுதான் உறைத்தது. அப்போதே அலுவலக வாட்ஸ்அப் குழுவில் செய்தி வந்தது. நெஞ்சுவலி, அக்கா போய்விட்டார். மூடியை என்ன செய்வதென்று தெரியவில்லை.

தென்காசி மின்வாரிய அலுவலகத்தில் அவரோடு மூன்று வருடம். நான் வாடகை அறையில் தனியாக இருப்பவள். கடையில் வாங்கியதை இரண்டு வாய் தின்று ஒதுக்குவேன். அக்கா தன் பாத்திரத்தை என் பக்கம் தள்ளுவார். பதிலுக்கு நான் தந்ததெல்லாம் மூடியளவு.

இந்த அஞ்சலியைப் படிக்கும் உங்களில் பலருக்கு அவர் வீடு தெரியும். மாடி, பளிங்குத் தரை. கணவர் துபாயில் சம்பாதித்துக் கட்டியது. ஆனால் மாதக் கடைசியில் அக்கா கொண்டுவருவது மலிவான சாளை மீன் குழம்புதான். கணக்குப் பிரிவு அண்ணாச்சி சும்மா இருக்கமாட்டார்.

"துபாய் காசு வருது. நெய்மீன் வாங்குனா என்ன கொறஞ்சா போவீய?"

"வீடுதான் அண்ணாச்சி துபாய். சோறு தென்காசி. என் சம்பளத்துக்கு எது வருதோ அதுதான் அடுப்புல ஏறும்."

"அப்போ விருந்துக்கு ஒண்ணாந்தேதிதான் வரணும்."

"முப்பதாந்தேதி வாங்க. சாளைக்குத்தான் ருசி."

குற்றால சீசனில் ஒரு ஞாயிறு ஐந்தருவிக்குப் போனோம். விடுமுறையில் வந்திருந்த கணவர் பை நிறைய மங்குஸ்தான் வாங்கினார். நான் அக்காவைப் பார்த்தேன்.

"பழம் சோத்துல சேராது ஏட்டி. தின்னு."

முந்தின நாள் கணவர் வாங்கிவந்த ஆட்டுக்கறியை மட்டும் அக்கா பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டாராம்.

"அவுகளுக்குக் கஷ்டமா இருக்காதாக்கா?"

அக்காவின் குரல் தணிந்தது. "வீட்டக் காட்டி, அத்தா கட்டுனதுன்னு பிள்ளைக சொல்லும். சொல்லட்டும், நிசந்தான. அம்மா என்ன செஞ்சான்னு ஒருத்தர் கேட்டா? வயித்தத் தொட்டுப் பாக்கட்டும்."

வீம்பு என்று நினைத்தேன். இப்போதும் அது வீம்புதான். அதைக் கேட்கத்தான் ஏங்குகிறேன்.

ஏழாம் நாள் வீட்டுக்குப் போனேன். துபாயை விட்டு ஊரோடு வந்துவிட்ட கணவர், சாப்பிடாமல் அனுப்பமாட்டேன் என்றார். சோறு, பருப்பு. ஒரு கரண்டி வைத்ததும் அவர் கை நின்றது.

"கொறைய வைக்கேன்னு நெனைக்காதீங்கம்மா. அவ கடைசியா வாங்கிப்போட்ட அரிசி. பாதி மூட்டைதான் கெடக்கு. பிள்ளைக அளந்து திங்குதுக. தீந்துட்டா நான்தான வாங்கணும்."

உள்ளேயிருந்து மகளின் குரல். "அத்தா, அவங்களுக்கு நெறையப் போடுங்க. அம்மா அப்படித்தான் போடுவா."

போட்டார். அன்று நான் எதையும் ஒதுக்கவில்லை.

அக்காவின் புகைப்படம்கூட என்னிடம் இல்லை. மூன்று வருட மதியங்கள் இருக்கின்றன. சாளை, ரசம், மாதத்தின் முதல் வாரத்தில் ஒரு துண்டுக் கோழி.

வயிற்றைத் தொட்டுப் பார்க்கிறேன் அக்கா.