எனக்குச் சிங்களம் தெரியும்

எனக்குச் சிங்களம் தெரியும். தெரியாதென்று ஒரு தாயிடம் பொய் சொன்னேன். அப்போது அவள் தோளில் குழந்தை செத்துக்கொண்டிருந்தது.

ஆம், நான்தான்! இதுவரை யாரிடமும் சொல்லாததை உங்களிடம் சொல்கிறேன்.

வட்டவளைக்கு மேலே ஒரு தோட்டத்து டிஸ்பென்சரியில் மருந்து கொடுக்கும் வேலை எனக்கு. அப்போது வயது இருபத்தாறு. முந்தின வாரம்தான் அப்பாவின் பிரஜாவுரிமை மனுவோடு டவுனுக்குப் போய்வந்திருந்தேன். மேசைக்குப் பின்னாலிருந்த மனிதர் தாள்களைத் தள்ளிவிட்டு, "உங்கள் ஊருக்குப் போங்கள்" என்று சிங்களத்தில் சொன்னார். இந்த மலையிலேயே பிறந்த அப்பா என்னைப் பார்த்தார். "என்னப்பா சொல்றாரு?"

அதைத் தமிழில் சொல்லவேண்டியவனாக நான் இருந்தேன்...

அந்தக் கோபத்தோடுதான், மழை பெய்த ஒரு காலையில், கீழ்க்கிராமத்துப் பெண்ணை வாசலில் பார்த்தேன். நனைந்த சேலை. தோளில் மூன்று வயதுப் பெண் குழந்தை. முகம் சிவந்து, உடம்பு கொதித்து, எதையோ பிடிப்பதுபோல் காற்றில் கையை அலைத்துக்கொண்டிருந்தது.

"மாத்தயா, மகே துவ அத்தன கெடி கேவா!"

என் மகள் ஊமத்தங்காய் தின்றுவிட்டாள். ஒவ்வொரு சொல்லும் எனக்கு விளங்கியது.

"சிங்களம் தெரியாது. டவுனுக்குப் போ" என்று தமிழில் சொல்லிவிட்டு, போத்தல்களின் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

யாரைத் தண்டித்தேன்? அந்த மேசைக்காரரையா? அவரை இவளுக்குத் தெரிந்துகூட இருக்காது!

கைக்காயத்துக்குக் கட்டுப்போட வந்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள் மாரியாயி, தோட்டத்தில் தேயிலைக் கொழுந்து பறிப்பவள். அவளுக்குச் சிங்களத்தில் ஒரு வார்த்தையும் வராது. எழுந்து போய் அந்தப் பெண்ணின் கையைப் பிடித்தாள். "என்னா தின்னுச்சு? காட்டு தாயி, காட்டு." வாயருகே விரல்களைக் குவித்துக் காட்டினாள். அந்தப் பெண் விரல்களை உருண்டையாக்கி, அதன்மேல் முள் முள்ளாகத் தொட்டுக் காட்டினாள். பிறகு வெள்ளைச் சுவரைத் தொட்டு, பூ விரிவதுபோல் கையை விரித்தாள்.

"ஐயா! ஊமத்தங்காயத் தின்னுருச்சுங்க புள்ள!"

அதற்குப் பிறகுதான் நான் அசைந்தேன். உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்கவைத்தேன். கொழுந்து லாரியை மறித்து ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். குழந்தை பிழைத்தது... ஆனால், மாரியாயி அன்று வராதிருந்தால்?

மூன்று வாரம் கழித்து அந்தப் பெண் மகளை நடத்திக் கூட்டிக்கொண்டு வந்தாள். கையில் ஒரு சீப்பு வாழைப்பழம். வாசலில் நின்று, உதடுகளை ஒருமுறை அசைத்துப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"ஐயா... புள்ள... சொகமா இருக்கு."

பின்னால் நின்ற மாரியாயிக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "ஐயாவுக்குச் சிங்களம் வராதேன்னு நாலு நாளா எங்கிட்ட கேட்டுப் படிச்சாங்க!"

எனக்காக! என் பொய்க்காக!

மன்னிப்புக் கேட்கும் சொல் சிங்களத்தில் என் நாக்கு நுனிவரை வந்தது. சொன்னால் பொய்யின் சாயம் வெளுத்துவிடுமே... "நல்லது" என்று மட்டும் சொன்னேன். தமிழில்.

அன்றுமுதல் கீழ்க்கிராமத்திலிருந்து யார் வந்தாலும், அவர்கள் வாய் திறக்குமுன் நானே சிங்களத்தில் பேசினேன். தோட்டத்து மருந்தை வெளியாருக்குக் கொடுப்பதைப் பார்த்துத் தோட்டத்துத் துரை முகம் சுளித்தார். நான் யாரையும் திருப்பி அனுப்பவில்லை. மாரியாயி வீட்டுப் பொங்கலுக்கு அந்தப் பெண் வருவதும், அவள் வீட்டுப் புத்தாண்டுப் பலகாரம் மாரியாயி குடியிருக்கும் லயத்துக்கு ஏறி வருவதும் வழக்கமாயிற்று. மொழி பாதியும் சைகை பாதியுமாக அந்த இருவரும் பேசிக்கொள்வதைக் கேட்டால் உங்களுக்கும் மனம் நிறையும். அவள் வந்தால் மட்டும் நான் ஏதாவது வேலையைச் சாக்கிட்டு உள்ளே போய்விடுவேன்.

போன மாதம் அந்த மகள் தனியாக வந்தாள். வளர்ந்துவிட்டாள், காலில் முள். சிங்களத்தில் பேசிக்கொண்டே எடுத்துவிட்டேன். அவள் கண்ணை அகல விரித்தாள்.

"மாமாவுக்கு அப்போ சிங்களமே தெரியாதுன்னு அம்மா சொன்னாங்களே? எப்படிப் படிச்சீங்க?"

இதோ, உண்மையைச் சொல்ல வாசல் தானாகத் திறந்திருந்தது. நான் என்ன செய்தேன் தெரியுமா?

"உங்கம்மா தமிழ் படிச்சதப் பாத்துத்தான் நானும் படிச்சேன்" என்றேன்.

அவள் முகம் மலர்ந்துவிட்டது. அம்மாவிடம் சொல்லவேண்டுமென்று அந்தக் காலோடு சரிவில் இறங்கி ஓடினாள்.

நான் அவளைத் திரும்பக் கூப்பிடவில்லை.