வீடு வரைக்கும் ஓட்டம்

இப்போது எனக்கு ஏசி அறை, சுழல் நாற்காலி, கதவில் 'விளையாட்டுத் துறைப் பொறுப்பாளர்' என்ற பலகை எல்லாம் உண்டு. பார்க்க வருகிறவர்கள் அலமாரியில் பளபளக்கும் பெரிய கோப்பைகளைத்தான் எடுத்துப் பார்ப்பார்கள். நான் காட்டுவது ஓரத்தில் இருக்கும் சின்னதை. வாங்கிய அன்றே என் ஸ்கூட்டரிலிருந்து விழுந்து ஒரு காது போன கோப்பை அது. பாகூர்ப் பக்கம் வயலுக்கு நடுவே இருக்கும் எங்கள் கல்லூரிப் பெண்கள் ஓட்டத்தில் வாங்கிய முதல் கோப்பை. அதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் நான் லேசில் நிறுத்த மாட்டேன்.

அப்போது நான் பயிற்சியாளர். நெடுந்தூர ஓட்டத்துக்கு ஐந்து பெண்களைப் பொறுக்கி எடுத்திருந்தேன். எங்களுக்கு வில்லன் வேறு யாருமில்லை, நாலரை மணி பஸ்தான். வகுப்பு முடிந்ததும் அது வந்து நிற்கும். விட்டால் அடுத்தது இருட்டிய பிறகு. பயிற்சிக்கு நின்ற பெண்கள் தாமதமாகப் போனதும் வீட்டுக்காரர்கள் முதல்வரிடம் வந்து சத்தம் போட்டார்கள். அவர் என்னைக் கூப்பிட்டார்.

"புள்ளைங்க பஸ் நேரத்துக்குப் போயிடணும் மேடம். ரெண்டு வருஷம் பாக்கலாம், கோப்பை வரலன்னா குழுவக் கலைச்சிடுங்க."

எனக்குக் கோபம் தலைக்கேறியது. "பஸ்ஸே வேணாம் சார். வூட்டுக்கு ஓடியே போவாங்க" என்று சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டேன்.

வாய் விட்ட பிறகுதான் யோசித்தேன், ஏன் கூடாது? மறுநாளே ஐந்து பேரும் ரோட்டில் இறங்கி ஓடினார்கள். அவர்களுடைய பைகளையும் டிபன் பாக்ஸ்களையும் ஸ்கூட்டரில் அடுக்கிக்கொண்டு நான் பின்னால் போனேன்.

"இன்னா மேடம், புள்ளைங்கள இப்பிடி வெரட்டினு போறீங்க?" என்றார் டீக்கடைக்காரர்.

"எல்லாம் பெயிலு!" என்றேன்.

ஊர் ஊராகச் சுற்றிப் போகும் பஸ்ஸுக்கு முன்பே பெண்கள் வீடு சேர்ந்தார்கள். பெற்றோர் வாயை மூடிக்கொண்டார்கள். தன் திருப்பம் வந்ததும் பையை வாங்கிக்கொண்டு ஒவ்வொருத்தியும் கழன்றுகொள்வாள். கடைசிப் பெண்ணின் வீடு பிள்ளையார்குப்பத்தில், பெரிய ஆஸ்பத்திரியைத் தாண்டி.

அந்த வருடப் போட்டியில் மண்ணைக் கவ்வினோம். ஐந்து பேரும் ஓடி முடித்தால்தான் குழுவுக்குக் கோப்பை. பிள்ளையார்குப்பத்துப் பெண் முதலாவதாக வந்தாள். ஆனால் கல்லூரிக்குப் பக்கத்திலேயே, ஏரிக்கரையில் வீடு உள்ளவள் பாதி தூரம்கூட ஓடாமல் உட்கார்ந்துவிட்டாள்.

"இன்னாடி ஆச்சு?" என்று கத்தினேன்.

"தெரில மேடம். எங்க வூட்டுத் திருப்பம் வர்ற தூரத்துல காலு தானா நின்னுடுச்சி" என்று அழுதாள்.

அப்போதுதான் உறைத்தது. அவள் ஒருநாள்கூடத் தன் வீட்டைத் தாண்டி ஓடியதில்லை.

அடுத்த நாளே சட்டத்தை மாற்றினேன். இனி எல்லாருக்கும் வீடு பிள்ளையார்குப்பம்தான். தன் வீட்டைக் கடக்கும்போது ஏரிக்கரைப் பெண்ணின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! அவள் அம்மா வாசலில் நின்று, "ஏய், வூடு இங்க கீதுடி, எங்கடி போற?" என்று கூவுவார். அவள் கையை ஆட்டிவிட்டு ஓடுவாள். சிரித்துக்கொண்டிருந்த பெற்றோர், போகப் போக பிள்ளையார்குப்பத்துக்கே பைக்கில் வந்து மகள்களை அழைத்துப் போனார்கள். ஆஸ்பத்திரி வேலை முடிந்து வரும் கடைசிப் பெண்ணின் அம்மா எல்லாருக்கும் மோர் கலக்கி வைத்திருப்பார்.

அடுத்த வருடப் போட்டி டவுனில். அதுதான் எங்களுக்குக் கடைசி வாய்ப்பு. எங்கள் பெண்கள் நான்கு பேர் முன்னாலேயே வந்து முடித்துவிட்டார்கள். ஏரிக்கரைப் பெண்ணை மட்டும் காணவில்லை. திருப்பத்தில் அவள் தலை தெரிந்ததும் நான் போட்ட கூச்சலில் பக்கத்தில் நின்ற நடுவர் காதைப் பொத்திக்கொண்டார். ஒருத்தியை முந்தினாள், இன்னொருத்தியை முந்தினாள், முடிவுக் கோட்டைத் தாண்டினாள். நிற்கவில்லை. கேட்டை நோக்கி ஓடிக்கொண்டே இருந்தாள். நடுவர் விசில் ஊதினார். நான் செருப்பை உதறிவிட்டு, கண்ணில் தண்ணீர் வழிய அவளைத் துரத்தினேன்.

"நில்லுடி! முடிஞ்சிடுச்சி! கப்பு நம்மளுதுடி!"

அவள் நின்று திரும்பிப் பார்த்தாள்.

"அதுக்குள்ளயா மேடம்? இன்னும் ஆஸ்பத்திரியே வரலியே!"