பச்சை மூடித் தோம்பு

‘மூக்குக்கண்ணாடியை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்துவிட்டேன், இதைக் கொஞ்சம் படித்துச் சொல்லுங்கள்’ என்று யாராவது உங்களிடம் கேட்டால், அதை அப்படியே நம்பிவிடுகிறவரா நீங்கள்?

மலேசியாவில், லாபு பக்கத்துச் செம்பனைத் தோட்டமொன்றில் திலகாவை எல்லோரும் நம்பினார்கள். கிளினிக்கில் நம்பினார்கள், பஸ் நிறுத்தத்தில் நம்பினார்கள். கூட மருந்தடிக்கும் பமீலா, அவளோடு ஒரே டப்பாவில் சோறு தின்றவள், அவளும் நம்பினாள். திலகாவிடம் ஒரு மூக்குக்கண்ணாடி இருந்ததும் உண்மைதான். போர்டிக்சன் இரவுச் சந்தையில், பசார் மாலாமில் வாங்கியது. வேண்டும்போது மறந்துவிட்டு வருவதற்கென்றே வாங்கியது.

அவள் பள்ளிக்கூடம் போகாதவள் அல்ல. இரண்டாம் வகுப்பு வரை போனாள். அம்மா பால்மரம் வெட்டப் போனாள். தோட்டத்தில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக்கொட்டகையை மூடிவிட்டார்கள். வீட்டில் இரண்டு தம்பிகள் தவழ்ந்துகொண்டிருந்தார்கள். யாராவது ஒருவர் வீட்டில் இருக்க வேண்டும் என்றார்கள். அந்த ‘யாராவது’ உலகத்தில் எங்கும் பெண்பிள்ளைதான். தம்பிகள் வளர்ந்தார்கள், படித்தார்கள், ஒருவன் சிங்கப்பூரில் இருக்கிறான். தலையெழுத்து என்றாள் அம்மா. எந்தத் தெய்வமும் வந்து எட்டு வயதுப் பிள்ளையின் தலையில் எழுதவில்லை. ஒரு கொட்டகையை மூடுவதென்று ஆபீசில் உட்கார்ந்து யாரோ முடிவு செய்தார்கள். அதற்குப் பெயர் விதி அல்ல.

இப்போது திலகாவுக்கு ஐம்பது வயது தாண்டிவிட்டது. மருந்துக் கொட்டகையில் களைக்கொல்லி கலக்கும் பொறுப்பு அவளுடையது. படிக்கத் தெரியாதவள் விஷத்தை எப்படிக் கலந்தாள் என்று கேட்பீர்கள். தோம்பு என்கிற பிளாஸ்டிக் பீப்பாயின் மூடி நிறத்தை வைத்துத்தான். சிவப்பு மூடித் தோம்பு விஷம். அளந்து எடுக்க வேண்டும். பச்சை மூடித் தோம்பு சோப்பு. வேலை முடிந்ததும் பம்பையும் கைகால் முகத்தையும் கழுவிக்கொள்ள. அவளுக்கு முன்னால் கலக்கியவர்கள் அப்படித்தான் செய்தார்கள். வேலையை மேற்பார்வை பார்க்கும் மண்டோர் சுகுமாறன் புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்லிக் கொடுத்ததும் அதைத்தான். “செவப்பு சாவு, பச்சை சவுக்காரம். அவ்ளோதான் லா.”

சென்ற ஆண்டு அந்தத் தோட்டத்துக்கு எழுத்து தேடி வந்தது. சிரம்பானில் மருந்துக்கடையில் வேலை செய்யும் ரோகினி என்ற பெண், ஓய்வு நாளில் பெரியவர்களுக்குத் தமிழும் மலாயும் எழுதப் படிக்கச் சொல்லித் தருவதாகக் காலியாய்க் கிடந்த பழைய பள்ளிக்கூட அறையைத் திறந்தாள். நல்ல மனம். ஆனால் அவள் கையில் இருந்தது பாலர் பள்ளிப் பாடப்புத்தகம். அவளை அனுப்பிய சங்கம் அதைத்தான் அவளுக்குக் கொடுத்திருந்தது. பேரன் எடுத்த பெண்கள் குட்டி மேசையில் முழங்கால் இடிக்க உட்கார்ந்து ஆடு, இலை என்று ராகம் போட வேண்டியிருந்தது. வாசலில் ஆம்பளைகள் மோட்டார் சைக்கிளை நிறுத்தி, “என்னா பாட்டி, ஆறாம் வகுப்புப் பரீட்ச எழுதப் போறீங்களா?” என்று சிரித்தார்கள்.

பமீலா ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டு வந்து கொட்டகையையே சிரிப்பில் ஆழ்த்தினாள். “ஏன்டி, நான் கிறிஸ்மஸுக்கு வருசா வருசம் ஆட்ட வெட்டிக் கொழம்பு வைக்கிறவ. எனக்குப் போயி ஆட்டுப் படத்தக் காட்டி இது என்னான்னு கேக்குது அந்தப் புள்ள!”

“நீ எதுக்குடி அங்க போன?” என்றாள் திலகா.

“சும்மா வேடிக்க பாக்க. நீ வரலியா?”

“எனக்கு எதுக்கு? அதெல்லாம் தெரியாதவங்களுக்கு.”

வகுப்பு மெலிந்து மூன்று பேரில் வந்து நின்றது. ஆள் சேராவிட்டால் மூடிவிடுவோம் என்று ரோகினியை அனுப்பிய சங்கம் சொல்லிவிட்டது. உலகம் முழுவதும் எழுபது கோடிக்கு மேற்பட்ட பெரியவர்களுக்கு எழுத்துத் தெரியாது. அவர்களில் மூன்றில் இரண்டு பங்கு பெண்கள். ஒவ்வொரு நாட்டிலும் வகுப்பைத் திறக்கிறார்கள், ஆள் வரவில்லை என்று மூடுகிறார்கள். மாடாய் உழைத்து வருகிறவளின் முன்னால் ஆட்டுப் படத்தை வைத்தது யார் தப்பு என்று எவனும் கேட்பதில்லை.

பிறகு அந்த நாள் வந்தது. தோட்ட நிர்வாகம் மருந்து வாங்கும் இடத்தை மாற்றியிருந்தது. புதுக் களைக்கொல்லி பச்சை மூடியோடு வந்து இறங்கி, சோப்புத் தோம்புகளோடு சேர்ந்து நின்றது. பழைய சிவப்பு மூடித் தோம்பில் இன்னும் மருந்து மிச்சமிருந்தது. தோம்பின் மேல் பெரிய எழுத்தில் எல்லாம் எழுதியிருந்தது. வாயால் ஒருவரும் சொல்லவில்லை.

வேலை முடிந்து பெண்கள் கழுவ வந்தார்கள். பமீலா இரண்டு கைகளையும் நீட்டினாள். “ஊத்துடி, சீக்கிரம், மொகமெல்லாம் எரியுது.” திலகா பச்சை மூடியைத் திறந்து தோழியின் உள்ளங்கை நிறைய ஊற்றினாள். பமீலா கண்ணை மூடுவதற்கு முன்பே முகத்தில் அப்பிக்கொண்டாள்.

அந்த அலறல் திலகாவின் காதை விட்டு இன்னும் போகவில்லை. ஆஸ்பத்திரியில் வலது கண்ணைத் தப்ப வைத்தார்கள். இடது கண்ணில் புகை படிந்தது போல் ஒரு மங்கல் நின்றுவிட்டது.

ஆபீசில் கூப்பிட்டுக் கேட்டார்கள். “ராச்சுன்னு இவ்வளவு பெருசா எழுதியிருக்கே, படிக்கலயா?” ராச்சுன் என்றால் மலாயில் விஷம்.

திலகாவின் நாக்கில் இரண்டு பதில்கள் இருந்தன. ஒன்று உண்மை. இன்னொன்றைச் சொல்லிச் சொல்லிப் பழகிவிட்டது.

“கண்ணாடி கொண்டு வரல, தொரை.”

கவனமில்லாதவள் என்று பெயர் வாங்கினாள். கலக்கும் வேலையைப் பிடுங்கி, மரத்தடியில் உதிரிப் பழம் பொறுக்க அனுப்பினார்கள். ஒரு மனுஷி, தோழியின் கண்ணைக் கெடுத்தவள் என்ற பழியைச் சுமப்பாள். படிக்காதவள் என்ற பெயரை மட்டும் சுமக்க மாட்டாள். எழுத்தறியாதவரைப் பார்த்து நாம் சிரிக்கும் சிரிப்புக்கு இவ்வளவு கனம் இருக்கிறது.

பமீலா திலகாவோடு பேச்சை நிறுத்திவிட்டாள். அவள் வீட்டுக்காரன் எட்வர்ட், தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்து முனையில் நின்று எல்லோர் காதிலும் விழும்படி கத்தினான். “கண்ணாடிய மறந்துட்டாளாம்! அவ மறந்ததுக்கு என் பொண்டாட்டி கண்ணா வெல?”

அவன் கேட்டதில் நியாயம் இருந்தது. அதுதான் திலகாவைத் தூங்க விடவில்லை. மறதிக்குத் தோழியைப் பலி கொடுத்தவள் என்று பமீலா சாகும்வரை நினைக்கப் போகிறாள். பழி பொறுத்தவளுக்கு அது பொறுக்கவில்லை. ஒரு மாலை எட்வர்ட் வெளியே போன நேரம் பார்த்துப் பமீலா வீட்டு வாசலேறினாள். பமீலா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். திலகா கண்ணாடியை எடுத்து அவள் மடியில் வைத்தாள்.

“இத நீ போட்டுப் பாருடி.”

“எதுக்கு? என் கண்ணப் பாத்துச் சிரிக்கவா?”

“போட்டுப் பாரு.”

பமீலா போட்டுக்கொண்டு நல்ல கண்ணால் சுவரைப் பார்த்தாள், வாசலைப் பார்த்தாள், திலகாவைப் பார்த்தாள்.

“இதுல ஒன்னுமே இல்லியேடி. சும்மா கண்ணாடி.”

“அதான்.”

பமீலாவுக்குப் புரியச் சற்று நேரமானது. கண்ணாடியைக் கழற்றி இரண்டு பக்கமும் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். திலகா எழுந்து போகப் பார்த்தபோது அவள் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

“நீ ஊத்துனப்ப நானும் அந்தத் தோம்பத்தானே பாத்துக்கிட்டு நின்னேன். எழுத்து எம்மூஞ்சிக்கு நேரா இருந்துச்சு. நீ படிச்சவளாச்சே, பாத்துத்தான் ஊத்துவேன்னு இருந்துட்டேன்.” பிறகு கண்ணாடியைத் திலகாவின் கையில் திணித்து, “வேடிக்க பாக்க யாருடி கிளாசுக்குப் போவா, பைத்தியக்காரி?” என்றாள்.

மறுவாரம் பெரட்டில், வேலைக்குமுன் ஆள் கணக்கெடுக்கும் அந்த விடிகாலைக் கூட்டத்தில், சுகுமாறன் ஒரு தோம்பை முன்னால் உருட்டி வைத்து, “இனிமே எல்லாரும் படிச்சுப் பாத்துத்தான் எடுக்கணும், வெளங்குதா?” என்றான். எல்லாத் தலையும் ஆடியது. எப்போதும் ஆடுகிற ஆட்டம்.

“எனக்குப் படிக்கத் தெரியாது, மண்டோர்” என்றாள் திலகா.

“என்னாம்மா, காலங்காத்தால வெளையாட்டா? கண்ணாடி எங்க?”

“கண்ணாடி பொய். தோம்புல ஒட்டியிருக்கற லேபில்ல எனக்கு ஒரு எழுத்தும் தெரியாது. பமீலா கண்ணு போனது மறதியால இல்ல. இங்க இன்னும் எத்தன பேருக்குத் தெரியாதுன்னு கேளுங்க. மொதல்ல அத கேளுங்க.”

ஒருவரும் சிரிக்கவில்லை. பின்வரிசையில் கறுப்புக் கண்ணாடி போட்டிருந்த பமீலா கையைத் தூக்கினாள். அப்புறம் ஒரு கை. அப்புறம் சுகுமாறன் எதிர்பார்க்காத இடத்திலெல்லாம் கை.

வகுப்புக்காக வேலை நேரத்தில் அரை மணி கேட்டார்கள், நிர்வாகம் மறுத்துவிட்டது. கண்ணுக்கு நஷ்டஈடு பற்றி இன்னும் வாயே திறக்கவில்லை. ஆனால் ரோகினியின் அறை மூடப்படவில்லை. ஆட்டுப் புத்தகம் அலமாரிக்குப் போய்விட்டது. பெண்கள் மேசைமேல் கொண்டு வந்து வைப்பது காலி மருந்து டப்பா, பிரஷர் மாத்திரை அட்டை, கழுவிய களைக்கொல்லி லேபில். திலகா முதலில் படித்த சொல் ராச்சுன். விரலை எழுத்தெழுத்தாக நகர்த்திப் படித்து முடித்ததும் பமீலாவின் விரலைப் பிடித்து முதலெழுத்தில் வைத்தாள்.

“அப்பவே இது எனக்குத் தெரிஞ்சிருந்தா...” என்றாள்.

“இப்ப தெரியுதுல்ல. அடுத்த எழுத்துக்குப் போ” என்றாள் பமீலா.

நீங்கள் இதைப் படித்துவிட்டீர்கள். அதனால் உங்களைத்தான் கேட்கிறேன். உங்கள் வீட்டிலோ வேலையிடத்திலோ எப்போதும் கண்ணாடியை மறந்து வருகிற ஒருவர் இருக்கிறார். இந்த வாரமே அவர் பக்கத்தில் போய் உட்காருங்கள். குழந்தைப் புத்தகத்தை எடுத்துப் போகாதீர்கள். அவர் தினமும் கையில் எடுக்கும் பொருள் எதுவோ, அதன் மேலுள்ள எழுத்திலிருந்து தொடங்குங்கள்.