ஞானமணி செய்த நார்த்தொப்பி

ஞானமணி என்னிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அந்தக் கேள்விக்குப் பயந்துகொண்டேதான் பதினோரு மாதம் அவள் வீட்டுக்குப் போய் வந்தேன்.

ஆலங்குடியிலிருந்து வடகாடு போகிற ரோட்டில் சைக்கிள் கடை வைத்திருக்கிறேன். பெயர் ஆத்மநாதன். ஞானமணியின் புருஷன் ஜெபக்குமார் என் கூட்டாளி. சைக்கிளில் பெட்டி கட்டி ஊர் ஊராகப் போய் ரொட்டி, பன் விற்பவன். ஆறடி ஆள். போன வருஷம் ஒரு சாயங்காலம் கடை முன்னால் வந்து நின்று, "பிரேக் கட்டை தேஞ்சுபோச்சுடா, மாத்திவிடு" என்றான். நான் அப்போதுதான் சோப்புப் போட்டுக் கை கழுவியிருந்தேன். "ரெண்டு நாளைக்கு ஓடும், நாளைக்கு வா" என்றேன். மறுநாள் காலை வாய்க்கால் பாலத்து இறக்கத்தில் ஒரு ஆடு குறுக்கே வந்திருக்கிறது. பிரேக்கைப் பிடித்திருக்கிறான், நிற்கவில்லை. தலை நேராகக் கட்டைச்சுவரில் மோதிவிட்டது.

மூளை வீங்கிவிட்டது என்று பெரியாஸ்பத்திரியில் இடது பக்க மண்டையோட்டில் உள்ளங்கை அகலத்துக்கு எடுத்துவிட்டார்கள். எடுத்த எலும்பை அவன் வயிற்றுத் தோலுக்கு அடியிலேயே வைத்துத் தைத்தார்கள். அங்கேதான் கெடாமல் இருக்குமாம். ஆறு மாதம் கழித்து எடுத்துப் பொருத்தலாம், அதுவரை அந்தப் பக்கம் ஒரு தட்டுகூடப் படக்கூடாது, பட்டால் ஆள் தப்ப மாட்டார் என்றார் டாக்டர்.

டீக்கடையில் ஆண்டிச்சாமி, "தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சுன்னு நெனச்சுக்கங்கப்பா" என்றான். "தலைப்பாகைன்னு ஒண்ணு இருந்திருந்தா ஏண்டா அவனுக்கு இந்தக் கதி?" என்று அவன் சட்டையைப் பிடித்துவிட்டேன். குற்றமுள்ள நெஞ்சு, வேறு என்ன சொல்ல!

புதுக்கோட்டைக்குப் போய், பந்தய சைக்கிள்காரர்கள் போடுகிற ஹெல்மெட் ஒன்று வாங்கி வந்தேன். அது தையல் போட்ட இடத்திலேயே அழுத்தியது. அலறிக்கொண்டு வீசி எறிந்தான். வலது காலும் பேச்சும் தடுமாறின அவனுக்கு. கொல்லைக்கு நடந்தால் விழுந்துவிடுவோமோ, நிலைப்படியில் இடித்துக்கொள்வோமோ என்று கட்டிலை விட்டு இறங்க மாட்டேன் என்றான். ஒரு நாளைக்கு எழுபது வீட்டு வாசலில் நின்று பேசியவன் சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்தான். காலையிலும் மாலையிலும் நான் போய்த் தூக்கி உட்கார வைப்பேன். ஞானமணி ஒல்லி, அவளால் முடியாது.

ஒல்லி என்றால் உடம்பில் மட்டும்தான். இருபத்திரண்டு வருஷமாக நார் மில்லில் வேலை. தேங்காய் மட்டை நாரில் ரப்பர் பாலைத் தெளித்து, அச்சில் வைத்து அழுத்திக் கிண்ணம் கிண்ணமாக எடுப்பாள். வெளிநாட்டில் அதில் பூச்செடி வைத்துத் தொங்கவிடுகிறார்களாம். சூப்பர்வைசர் நார் ஈரம் என்றால், "ஒங்க கைதான் ஈரம், போயித் தொடைச்சிட்டு வாங்க" என்பாள். மகள் ஷர்லியைத் திருச்சியில் நர்ஸிங் படிக்க வைத்தது அந்தக் கைதான்.

ஒருநாள் மில்லிலிருந்து நேராக என் கடைக்கு வந்து ஒரு நார்க்கிண்ணத்தை மேஜையில் கவிழ்த்தாள்.

"அண்ணே, பழைய டியூப் இருந்தாக் குடுங்க."

"என்னாத்தா இது, பூந்தொட்டியக் கொண்டாந்து கவுத்துற?"

"மரத்துலேருந்து மட்டையோட விழுற காயி என்னைக்காவது ஒடைஞ்சு பாத்திருக்கீங்களா?"

நான் டியூப்பை வெட்டினேன். அவன் தூங்கும்போது தலையை நூலால் அளந்திருக்கிறாள். மூன்று கிண்ணம் அடுக்கி ஒட்டி, இடது பக்கம் உள்ளே குடைந்து பள்ளமாக்கியிருந்தாள். எலும்பு இல்லாத இடத்தில் எதுவும் தொடாது. பாரமெல்லாம் சுற்றியிருக்கிற நல்ல எலும்பில் போய் உட்காரும். மேலே டியூப் ரப்பர், தாடைக்கு டியூப் வார்.

உரித்த தேங்காய் ஒன்றை உள்ளே வைத்துக் கட்டி, மாடியிலிருந்து போட்டோம். உடையவில்லை. மூன்று தடவை போட்டோம், விரிசல்கூட இல்லை. ஞானமணி "ஸ்தோத்திரம்!" என்று கத்தினாள். நான் குலசாமியைக் கூப்பிட்டேன். தேங்காயைக் கொண்டுபோய் ஜெபக்குமாரிடம் காட்டினோம். திருப்பித் திருப்பிப் பார்த்தான். ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்துச் சொன்னான்:

"தேங்கா…க்கு ஓடு இருக்கு. எனக்கு… இல்லையே."

எங்கள் இரண்டு பேருக்கும் மூஞ்சி செத்துப்போயிற்று. காலமெல்லாம் தேங்காயோடு கிடக்கிற ஊர், எங்களுக்கு வேறு எது தோன்றும்? ஞானமணி அன்றைக்குத்தான் அழுதாள். ஆஸ்பத்திரியில்கூட அழாதவள்.

மறுநாள் வெள்ளரிப்பழத்தோடு வந்தாள். தொட்டால் வெடிக்கிற பழுத்த வெள்ளரி. மாடியெல்லாம் வேண்டாம், அவன் தலை உயரம் போதும் என்றாள். முதல் பழம் சிதறியது. நாரைத் தளர்த்தாள், ரப்பர் பாலைக் குறைத்தாள், இன்னொரு அடுக்கு வைத்தாள். உடைந்ததையெல்லாம் நாட்டுச்சர்க்கரை போட்டு எனக்கே கொடுத்தாள். தின்று தின்று எனக்குச் சளி பிடித்துக்கொண்டது. ஒன்பதாவது பழம் தோல்கூடக் கீறாமல் வெளியே வந்தது. அதை ஜெபக்குமார் கையில் வைத்தாள். விரலால் லேசாக அழுத்தினான், வெடித்துவிட்டது. பிறகு அவனே தொப்பிக்குத் தலையைக் குனிந்து கொடுத்தான்.

அன்றைக்கு அவனை நடத்திக்கொண்டு வாசலுக்கு வந்தோம். தெருவில் சிரித்தார்கள். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? "சிரிக்கிறவுக தலைக்கும் அளவெடுக்கவா?" என்றாள் ஞானமணி. அதோடு அடங்கிவிட்டார்கள்.

டாக்டர் சொன்ன ஆறு மாதம் முடிந்ததும் எலும்பைப் பொருத்தினார்கள். கால் தேறியது, பேச்சும் முக்கால்வாசி வந்தது. போன வாரம் டாக்டர், ஆளில்லாத தெருவில் மெதுவாக சைக்கிள் ஓட்டிப் பார்க்கலாம் என்றார். தொப்பி இல்லாமல் ஏற மாட்டேன் என்றான் இவன். ஞானமணி பள்ளத்தை நார் வைத்து நிரப்பிக் கொடுத்தாள்.

நேற்றுக் காலை சைக்கிளைக் கொண்டுபோனேன். பிரேக் கட்டை, கம்பி, நட்டு எல்லாம் புதிது. பிடித்துப் பார்த்தேன், மறுபடி பார்த்தேன். அதற்குமேல் தாங்க முடியவில்லை.

"ஞானமணி, அன்னைக்கு சாயங்காலம் பிரேக் கட்டைய மாத்தச் சொல்லி என்கிட்டதான் வந்தான். நாந்தான் நாளைக்கு வாடான்னு…"

"தெரியும்ணே. விழுந்த மறுநாளே அந்த சைக்கிளப் பாத்துட்டேன். பிரேக்குல கட்டையே இல்ல. விழுறதுக்கு மொத நா ஒங்க கடையில நின்னுட்டு வந்ததையும் அவரு சொல்லியிருந்தாரு."

"அப்பறம் ஏன் ஒரு வார்த்தை கேக்கல?"

அவள் தொப்பியின் வாரை ஜெபக்குமாரின் தாடையில் மாட்டிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னாள்:

"கேட்டா நீங்க வெக்கப்பட்டுக்கிட்டு இங்கிட்டு வர்றத நிறுத்திருப்பீங்க. அவர யாருண்ணே தூக்கி ஒக்கார வைக்கிறது?"

ஜெபக்குமார் பெடலில் கால் வைத்தான்.

"நின்னுக்கிட்டு அழுகாதீங்க. கேரியரப் புடிச்சுக்கிட்டு ஓடுங்க" என்றாள். ஓடினேன்.