பதினேழாயிரம் தலைகள்

"இதுல உப்பு போட்டியா, இல்ல உப்பு டப்பாவைப் பக்கத்துல வெச்சுக் காட்டினியா?"

இரண்டு மாதமாக வேளை தவறாமல் வேன்காரர் கேட்ட கேள்வி இது. சிறுநீரில் புரதம் ஒழுகும் நோய் அவருக்கு. உப்பைக் குறைத்து, தினமும் காலையில் ஆறு ஸ்டீராய்டு மாத்திரை போடச் சொல்லியிருந்தார் டாக்டரம்மா. கால் வீக்கம் வடிந்தது. முகம்தான் உப்பிப் போனது. பசியோ எதைப் போட்டாலும் அடங்காத பசி.

அவர் மனைவி மட்டும் சளைத்தவளா? "காட்டினதே அதிகம். தின்னுட்டு எந்திரிங்க" என்பாள்.

அந்த வெள்ளிக்கிழமை அவர் கேட்கவில்லை. சோற்றை அளைந்துவிட்டு எழுந்தார். சனிக்கிழமையும் அப்படியே. குறை சொல்கிற புருஷனைச் சமாளித்துவிடலாம். வாயை மூடிக்கொண்ட புருஷனை என்ன செய்வது?

ஞாயிறு காலை குளியலறைக் கதவைப் பிடித்தபடி நின்றார். "தலை சுத்துதுடி" என்று முடிப்பதற்குள் வாந்தி. கை ஜில்லிட்டிருந்தது. செல்போன் கடை வைத்திருக்கும் தன் தம்பியைக் கூப்பிட்டு வேனை எடுக்கச் சொன்னாள். வாந்தியைத் துடைக்க வேனிலிருந்த முதலுதவிப் பெட்டியைத் திறந்தால், பஞ்சுக்கு அடியில் மாத்திரைகள். பதினெட்டு. மூன்று நாள் பாக்கி.

"என்ன காரியம் பண்ணி வெச்சிருக்கீங்க?"

சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த ரத்தப் பரிசோதனைத் தாளை எடுத்தார். "வெள்ளையணு பதினேழாயிரம்டி. போன தடவை எட்டுதான். ரத்தப் புத்துநோய்க்கு இப்படித்தான் ஏறுமாம். மாத்திரை போடப் போட ஏறுது. அதான் நிறுத்திட்டேன்."

"யார் சொன்னா?"

அவர் மைத்துனனைப் பார்த்தார். தம்பி போனை முதுகுக்குப் பின்னால் மறைத்தான். "போன்ல போட்டிருந்துச்சுக்கா..."

"உன் போனைத் தூக்கி அடுப்புல போட! வண்டியை எடுடா."

இருபத்திரண்டு வருடமாகப் பள்ளி வேன் ஓட்டுகிறவர் அவர். ஒவ்வொரு நிறுத்தத்திலும் திரும்பித் தலை எண்ணுவார். ஒரு தலை கூடினாலும் வண்டி நகராது. ரத்தத்துக்கும் அதே சட்டத்தைப் போட்டுவிட்டார் மனுஷன்.

ஆஸ்பத்திரியில் ஊசி போட்டு, டிரிப் ஏற்றினார்கள். "இத்தனை நாள் போட்ட ஸ்டீராய்டைச் சட்டுன்னு நிறுத்தினா உசுருக்கே ஆபத்துங்க. நாங்கதான் கொஞ்சம் கொஞ்சமாக் குறைப்போம்" என்றார் டாக்டரம்மா.

"அப்ப அந்தப் பதினேழாயிரம்?" மனைவி அந்தத் தாளை நீட்டினாள்.

டாக்டரம்மா வேன்காரரிடம் திரும்பினார். "உங்க வேன்ல பிள்ளைங்க எல்லாம் சீட்டை விட்டு எந்திரிச்சு நடுவுல நின்னா?"

"கூட்டமாத் தெரியும்."

"புதுசா ஏறினாங்களா?"

"இல்லையே."

"இங்கயும் முக்கால்வாசி அதுதான். ரத்தக்குழாய்ச் சுவர்ல ஒட்டிக்கிட்டிருந்த வெள்ளையணுக்களை ஸ்டீராய்டு ஓட்டத்துல இறக்கி விட்டிருக்கு. மைக்ராஸ்கோப்லயும் பாத்தாச்சு, புத்துநோய் அணு எதுவும் இல்ல."

அவள் மூச்சு விட்டாள். முழுசாக விடுவதற்குள் டாக்டரம்மா அடுத்ததைச் சொன்னார். "ஆனா நிறைய இருக்குன்னு தைரியமா இருந்துடாதீங்க. கிருமியை நினைவு வெச்சு எதிர்க்கிற இன்னொரு வகை அணு குறைஞ்சிருக்கு. கிருமி தொத்தினாலும் காய்ச்சல் காட்டாம இருக்கலாம். லேசாச் சோர்ந்தாலும் உடனே கூட்டிட்டு வந்துடுங்க."

அந்த வார்த்தை அவளோடு வீட்டுக்கு வந்து குடியேறிவிட்டது. விடிந்ததும் அவர் நெற்றியில் கை வைக்கிறாள். சுட்டாலும் பயம், சுடாவிட்டாலும் பயம். மாத்திரை போட்டதும் வாயைத் திறக்கச் சொல்லி நாக்குக்கு அடியில் பார்க்கிறாள்.

"நான் என்ன எல்கேஜியா?"

"எல்கேஜி சொன்னபடி கேக்கும்."

மறுவாரம் திங்கள் மதியம் தட்டைப் பார்த்து, "உப்பு டப்பாவாவது காட்டுடி" என்றார். அவள் அடுப்படிக்குப் போய் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, டப்பாவைக் கொண்டுவந்து காட்டினாள்.

தம்பி வாய் சும்மா இருக்குமா? 'ரத்தப் புற்றுநோய்' என்ற சொல் அதற்குள் நம் தெரு முழுக்கச் சுற்றிவிட்டது. ஒட்டிக்கொள்ளும் என்று எந்தப் புண்ணியவானோ சேர்த்துவிட்டிருக்கிறார். வாசலில் ஒரு செருப்பு கிடையாது. சாயங்காலம் நாலு மணிக்கு அவர் ஜன்னலோரம் உட்கார்ந்து, போகிற வேன்களில் தலை எண்ணிக்கொண்டிருக்கிறார்.

அவருக்குப் புற்றுநோய் இல்லை. இருக்கிற நோயும் ஒட்டாது. நம்மிடமிருந்துதான் அவருக்கு ஏதாவது ஒட்டும். அதனால் சளி, இருமல், காய்ச்சல், அம்மை உள்ளவர்கள் போனில் பேசிக்கொள்ளுங்கள். மற்றவர்கள் சோப்புப் போட்டுக் கை கழுவிக்கொண்டு, நாலு மணிக்கு ஒரு நடை போய்ப் பாருங்கள். தின்பதற்கு எதையும் கொண்டுபோக வேண்டாம், அவள் உப்பு பார்த்துத் திருப்பி அனுப்பிவிடுவாள்.