அப்பாவுக்கு எந்த போன்

ஆலன் என்ற இந்த அமெரிக்க ஊரில் எங்கள் வட்டத்தில் யார் வீட்டுக்கு ஊரிலிருந்து அப்பா அம்மா வந்தாலும் என்னிடம்தான் வந்து கேட்பார்கள். "நீங்கதான் ரெண்டு போனையும் டெஸ்ட் பண்ணிப் பாத்தீங்களாமே, எது நம்ம பெரியவங்க பேசுறதைப் புரிஞ்சுக்குது?" போன வாரம், ஆளுக்கொரு பதார்த்தம் கொண்டுவரும் ஒரு பாட்லக் விருந்தில்கூட, தயிர்சாதத் தட்டோடு ஒருத்தி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து இதையே கேட்டாள். கறுப்பு போன்தான் என்று சொன்னேன். அதற்கு மேல் வாய் வரவில்லை. அவளிடம் சொல்லாமல் விட்டதை இங்கே எழுதுகிறேன்.

நான் ரிச்சர்ட்சனில் ஒரு கம்பெனியில் டெஸ்டர். அடுத்தவர் எழுதிய புரோகிராமில் எங்கே ஓட்டை என்று தேடுவதற்குச் சம்பளம். "வீட்டிலயும் உனக்கு அதே வேலைதான், சம்பளம் மட்டும் கிடையாது" என்பார் என் கணவர். கோபம் எனக்கு எப்போதும் மூக்கு நுனியில்தான் இருக்கும். பிறகு வருத்தப்படுவேன், அது வேறு கதை. ஆனால் பேசிவிடுவேன்.

அம்மா போன மறு வருடம் அப்பாவைத் திருச்சியிலிருந்து அழைத்து வந்துவிட்டோம். மின்வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எண்பது வயது. க்ளாக்கோமாவில் பார்வை சுருங்கி, நேர் எதிரில் கையகலம் மட்டும்தான் தெரியும். வீட்டுக்குள் சுவரைத் தொட்டுக்கொண்டு நன்றாகவே நடப்பார். காபி போட்டுக்கொள்வார். போனில் எழுத்துதான் தெரியாது. ஒரு பட்டனை அழுத்தப் போனால் இன்னொன்று அழுந்தும். மகள் ஆஸ்டினில் கல்லூரியில் இருக்கிறாள். நானும் கணவரும் ஆபீசுக்குப் போனால் காலை எட்டிலிருந்து சாயங்காலம் வரை அப்பா தனியாகத்தான் இருக்க வேண்டும்.

பதினைந்து நிமிட தூரத்தில் ஒரு முதியோர் டேகேர் இருக்கிறது. நம் ஊர்க்காரர்கள் நடத்துவது. மதியம் சாதம் சாம்பார், சாயங்காலம் பஜனை, கூட்டிப் போக வேன். ஒரு நாள் அப்பாவைக் கூட்டிக்கொண்டுபோய்க் காட்டினேன். வீட்டுக்குள் வந்து செருப்பைக் கழற்றிய பிறகுதான் பேசினார்.

"எண்பது வயசுல என்னைப் பால்வாடிக்கு அனுப்புறியாம்மா?"

சரி, போனை வைத்துச் சமாளிக்க முடிகிறதா என்று பார்ப்போம் என்று ஏற்பாடு. வாயால் சொன்னால் போனே கூப்பிட வேண்டும். ஒரு மாதம் பார்ப்பது, சரியாக வந்தால் டேகேர் பேச்சே கிடையாது. வீட்டில் இரண்டு போன் இருந்தன, இரண்டும் வெவ்வேறு கம்பெனி. ஒன்று என் பழைய வெள்ளை போன், மற்றது கணவர் வாங்கிய கறுப்பு போன். இரண்டிலும் கூப்பிட்டால் பதில் சொல்லும் குரல் ஒன்று உண்டு. எது அப்பாவைப் புரிந்துகொள்கிறது என்று பார்க்க நான் கட்டம் கட்டி ஒரு டேபிள் போட்டேன். இருபது வாக்கியங்கள். பக்கத்திலிருந்து, அடுத்த அறையிலிருந்து, பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டு, குக்கர் விசில் வரும்போது, டிவியில் சீரியல் ஓடும்போது. ஆபீசில்கூட இவ்வளவு ஒழுங்காக நான் டெஸ்ட் பண்ணியதில்லை.

அப்பாவின் இங்கிலீஷ் அரசாங்கக் கடித இங்கிலீஷ். "கைண்ட்லி கனெக்ட் மீ டு மை டாட்டர்" என்பார். வெள்ளை போன் அதைக் கேட்டு இண்டர்நெட்டில் எதையோ தேடிக் கொண்டுவந்து நீட்டும். கறுப்பு போன் ஒரு நொடி யோசித்து எனக்குக் கனெக்ட் பண்ணிவிடும். அது கொஞ்சம் தமிழும் பேசும், செய்தி வாசிக்கிற மாதிரி. ஒவ்வொரு தடவையும் அப்பா "தேங்க் யூ" சொல்வார். லீவுக்கு வந்திருந்த மகள் பார்த்துச் சிரித்தாள். "மாம், தாத்தா டாக்ஸ் டு இட் லைக் இட்ஸ் ஹிஸ் பாஸ்" என்றாள்.

"தரையில படுத்துக்கிட்டு ஒரு தடவை கூப்பிடுங்கப்பா, விழுந்தா எப்படின்னு பாக்கணும்" என்றேன். அப்பா ஒப்புக்கொள்ளவில்லை. "வாயால சொல்லாதே, அதெல்லாம் வேண்டாம்" என்றார். நானே ஹாலில் படுத்து, அவர் குரலில் முனகிக் கூப்பிட்டுப் பார்த்தேன். கறுப்பு போன் அதையும் கேட்டுக்கொண்டது. மொத்தத்தில் வெள்ளைக்கு இருபதில் பதினொன்று, கறுப்புக்குப் பதினேழு. கறுப்பு போனை ஹாலில் ஸ்டாண்டு வைத்து நிறுத்தினேன். எனக்கு ஒரே பெருமை.

முதல் வாரம் அப்பா ஒரு நாளைக்கு ஐந்தாறு தடவை கூப்பிட்டார். "ஒண்ணுமில்ல, வேலை செய்யுதான்னு பாத்தேன்" என்பார். "தபால்காரர் வந்த மாதிரி இருந்துது" என்பார். இரண்டாவது வாரம், வெளியூர் மேனேஜர்கள் உட்கார்ந்திருந்த ஒரு மீட்டிங்கில் நான் பேசிக்கொண்டிருந்தபோது அடுத்தடுத்து மூன்று தடவை அடித்தது. பதறிக்கொண்டு வெளியே ஓடி எடுத்தேன்.

"இந்த ஊர்ல இன்னிக்கு மழை உண்டான்னு கேட்டேன். அது என்னமோ சொல்லுது, புரியல."

"அப்பா, நான் மீட்டிங்ல இருக்கேன். சும்மா சும்மா கூப்பிடாதீங்க. அவசரம்னா மட்டும் கூப்பிடுங்க."

இதை மெதுவாகச் சொல்லவில்லை. காரிடாரில் போனவர்கள் திரும்பிப் பார்க்கும்படி சொன்னேன். அப்பா "சரிம்மா, சரிம்மா" என்று வைத்துவிட்டார். அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போய் மன்னிப்பு மாதிரி கேசரி கிளறினேன். அவரும் சாப்பிட்டார். மன்னிப்பு என்ற வார்த்தையை மட்டும் நான் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு பகலில் போனே வரவில்லை. பழகிவிட்டார் என்று நினைத்தேன். ஆபீசில் பக்கத்து சீட்டுக்காரியிடம், அப்பா போனை நன்றாகப் பிடித்துக்கொண்டார் என்று பீற்றிக்கொண்டேன். அவளும் தன் மாமியாருக்குக் கறுப்பு போனே வாங்கப்போவதாகச் சொன்னாள்.

நான்காவது வாரம் ஒரு வியாழக்கிழமை. கிளம்பும்போது, "காலைல பெரிய ரிவ்யூ இருக்குப்பா" என்று சொல்லிவிட்டுத்தான் போனேன். மதியம் பன்னிரண்டு மணி தாண்டி இரண்டு நிமிடம், சாப்பாட்டு டப்பாவைத் திறக்கிறேன், அப்பாவின் போன்.

"ஃப்ரீயா இருக்கியாம்மா?"

"சொல்லுங்கப்பா."

"ஒண்ணும் அவசரமில்ல. சாப்பிட்டு முடிச்சதும் ஒரு எட்டு வந்துட்டுப் போக முடியுமா?"

"என்னப்பா ஆச்சு?"

"கொஞ்சம் விழுந்துட்டேன்."

ஆம்புலன்சுக்குப் போன் போட்டு, கராஜ் கதவைத் திறக்கும் நம்பரைச் சொல்லிவிட்டுக் காரை எடுத்தேன். ஃப்ரீவேயில் எப்படி ஓட்டினேன் என்று இன்றைக்கும் ஞாபகம் இல்லை. நான் போய்ச் சேர்ந்தபோது அப்பாவை ஸ்ட்ரெச்சரில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். முகம் வெளுத்திருந்தது. என் குரலைக் கேட்டதும் தலையைத் திருப்பினார்.

"சாப்பிட்டியா? சாப்பிட்டுட்டு வந்திருக்கலாமே."

இடுப்பு எலும்பு முறிந்திருந்தது. எப்போது விழுந்தார் என்று டாக்டர் கேட்டார். "ஜஸ்ட் நவ், டாக்டர். அரவுண்ட் ட்வெல்வ்" என்றார் அப்பா. டாக்டர் அவருடைய தோளையும் முழங்கையையும் பார்த்தார். தரையில் அழுந்திச் சிவந்து கன்றிப் போயிருந்தது. என்னைத் தனியாகக் கூப்பிட்டு, இது இப்போது விழுந்தவர் உடம்பு மாதிரி இல்லை, நேரத்தைச் சரியாகத் தெரிந்துகொள்ள முடியுமா என்றார்.

தெரிந்துகொள்ள வழி இருந்தது. அந்தக் கறுப்பு போன் தன்னிடம் கேட்டதை எல்லாம் மணி போட்டு எழுதி வைத்துக்கொள்ளும். அப்பா ஆம்புலன்சில் ஏறும்போது அதை என் பையில் போட்டிருந்தேன். எக்ஸ்ரே அறைக்கு வெளியே ஒரு நாற்காலியில் உட்கார்ந்து திறந்து பார்த்தேன்.

ஒன்பது இருபத்துநாலு. வாட் இஸ் த டைம். பதில். தேங்க் யூ.

ஒன்பது நாற்பத்தொன்று. வாட் இஸ் த டைம். தேங்க் யூ.

பத்து ஐந்து. பத்து இருபது. பத்து முப்பத்தெட்டு. எல்லாம் அதே கேள்வி, அதே நன்றி. பதினொன்று பத்துக்குத் தமிழில் ஒரு வரி இருந்தது. "இன்னும் எவ்வளவு நேரம்." அதற்குப் போன், மன்னிக்கவும், எனக்குப் புரியவில்லை என்று சொல்லியிருந்தது. அதற்கும் தேங்க் யூ. பிறகு மறுபடி டைம், மறுபடி டைம். பன்னிரண்டு இரண்டுக்கு, "கைண்ட்லி கனெக்ட் மீ டு மை டாட்டர்."

இரண்டரை மணி நேரத்துக்கு மேல். அந்தக் குரல் அவர் சொன்னதை ஒரே ஒரு இடத்தைத் தவிர எல்லா இடத்திலும் சரியாகக் கேட்டிருந்தது. தரையிலிருந்து கேட்டிருந்தது. வலியோடு பேசியபோதும் கேட்டிருந்தது. என் டேபிளில் போட்டிருந்தால் இன்னும் நல்ல மார்க் வந்திருக்கும். டாக்டரிடம் போய் ஒன்பதேகால் வாக்கில் என்று சொன்னேன். ஏன் உடனே கூப்பிடவில்லை என்று அவர் கேட்டார். தெரியாது என்றேன். அது பொய்.

மறுநாள் காலை ஆபரேஷன் முடிந்து மயக்கம் தெளிந்து, கொஞ்சம் கஞ்சி குடித்த பிறகு கேட்டேன். நிதானமாகக் கேட்க வேண்டும் என்றுதான் ஆரம்பித்தேன்.

"வலிக்கலையாப்பா உங்களுக்கு?"

"வலிச்சுது. இல்லேன்னு சொல்லல."

"பின்ன ஏன்பா கூப்பிடல? போன் கைக்கெட்டுற தூரத்துல கேட்டுக்கிட்டே இருக்கு. நீங்க அதுகிட்ட மணி கேக்குறீங்க."

"ரத்தம் வரல. மூச்சு வருது. பேச முடியுது. அவசரம்னு எப்படிம்மா சொல்றது? பன்னெண்டுக்கு உனக்கு லன்ச். அது வரைக்கும் தாங்கும்னு தோணிச்சு."

"நீங்க என்ன மனுஷன்பா" என்று கத்திவிட்டேன். நர்ஸ் எட்டிப் பார்த்தாள். அப்பா கண்ணை மூடிக்கொண்டார். நான் கீழே பார்க்கிங் லாட்டுக்குப் போய்க் காருக்குள் உட்கார்ந்து வெகுநேரம் அழுதேன். என் அப்பாவை இரண்டரை மணி நேரம் தரையில் கிடக்க வைத்தது நான்தான். இதை வேறு விதமாகச் சொல்ல முடியுமா என்று பல தடவை பார்த்துவிட்டேன். கணவர் சொல்லிப் பார்த்தார். மகள் சொல்லிப் பார்த்தாள், "இட்ஸ் நாட் யுவர் ஃபால்ட், மாம்" என்று. என்ன சொன்னாலும் அந்த மணிக்கணக்கு என் கண்ணுக்குள்ளேயே நின்றது.

ஆறு வாரம் ரீஹேபில் நடக்கப் பழகிவிட்டு அப்பா வாக்கரோடு வீட்டுக்கு வந்தார். அதற்குள் நான் மறுபடி ஒரு டேபிள் போட்டிருந்தேன். சுட்டாலும் திருந்தாத ஜென்மம். விழுந்தால் தானாகவே கண்டுபிடித்துக் கூப்பிடும் வாட்ச் மூன்று வகை. ஒவ்வொரு அறைக்கும் கேமரா. மணிக்கொரு தடவை "நலமா" என்று கேட்டு, பதில் வராவிட்டால் எனக்குச் சொல்லும் ஸ்பீக்கர். அப்பாவின் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் படித்துக் காட்டினேன். எதில் என்ன குறை, எது எவ்வளவு சீக்கிரம் கூப்பிடும், எல்லாம். இனிமேல் நீங்கள் எப்போது கூப்பிட்டாலும் எடுப்பேன், மீட்டிங்காவது மண்ணாவது என்றும் சொன்னேன். மன்னிச்சிடுங்கப்பா என்றும் சொன்னேன், இந்தத் தடவை வார்த்தையாகவே.

அவர் முழுவதும் கேட்டார். நான் பேசி முடிக்கும் வரை காத்திருந்தார்.

"அந்த பால்வாடியிலயே சேத்து விட்டுடும்மா."

"உங்களுக்குப் பிடிக்காதேப்பா."

"பிடிக்காதுதான்." போர்வையை முட்டிக்கு மேலே இழுத்துவிட்டுக்கொண்டார். "ஆனா அங்க ஆளு பக்கத்துலயே இருப்பாங்க. கூப்பிடலாமா கூடாதான்னு நான் யோசிக்க வேண்டியதில்ல."

லேப்டாப்பை மூடி வைத்துவிட்டு அடுத்த அறைக்குப் போய் டேகேருக்குப் போன் போட்டேன். அந்தப் பக்கம் ஹலோ என்றார்கள். வைத்துவிட்டு, தண்ணீர் குடித்துவிட்டு, மறுபடி போட்டேன்.